எட்வர்ட் பிளேக்கைக் கொன்றது யார்? ‘வாட்ச்மென்’ தொடரைக் கொலைமர்மமாக வாசித்தவர்களின் அனுபவங்கள்

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து:

முகமூடி அணிந்த நாயகன் ஒருவன் கொலையுண்டு, அந்தக் கொலையை இன்னொரு முகமூடிக்காரன் துப்புத் துலக்கும் கதைகள் காமிக்ஸ் உலகில் பல உண்டு என்றாலும், ‘வாட்ச்மென்’ அளவுக்கு வாசகர்களை இரு அணிகளாகப் பிரித்து நிறுத்திய தொடர் வேறொன்றை நான் கண்டதில்லை. ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைய, ஜான் ஹிக்கின்ஸ் வண்ணமிட, 1986, 1987 ஆண்டுகளில் 12 இதழ்களாக அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான டி.சி. வெளியிட்ட இத்தொடர் 1988இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது பெற்றது. ஈரோட்டிலும் கோவையிலும் புத்தகத் திருவிழாக்களில் சந்திக்கும் நண்பர்கள் பலரும் இதைப் பனிப்போரைப் பற்றிய நூல், அணு ஆயுத அச்சத்தைப் பற்றிய நூல், அதிகாரத்தைப் பற்றிய நூல் என்றே பேசக் கேட்டிருக்கிறேன். அவை யாவும் இதில் இருக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும் இது முதலாவதாகவும் முடிவாகவும் ஒரு கொலைமர்மக் கதை என்பதும், துப்பறியும் கதையை வாசிக்கும் கண்ணோடு வாசிப்பவருக்கே இது முழுமையாகத் திறக்கிறது என்பதும் என் கருத்து. உங்கள் அனுபவமும் அதுதானா என்று அறிய விரும்பியே இதை எழுதுகிறேன். முடிவைப் பேசாமல் இதைப் பேச இயலாது; ஆகவே இன்னும் வாசிக்காதவர்கள் நூலை முடித்துவிட்டு வருவது நல்லது.

என் தலைமுறையினர் காமிக்ஸுக்குள் வந்தது 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் வழியாக. பேருந்து நிலையத்தை ஒட்டிய பெட்டிக்கடையில், சணல் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்த இதழ்களில் இரும்புக்கை மாயாவியைத்தான் முதலில் தேடுவோம். பின்னர் 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. அதில் ஸ்பைடர் வந்தான். குற்ற உலகின் சக்கரவர்த்தியாகும் ஆசையோடு அறிமுகமாகி, பிறகு குற்றவாளிகளையே வேட்டையாடத் தொடங்கிய ஸ்பைடரை நாங்கள் தயக்கமின்றி நாயகனாக ஏற்றுக்கொண்டோம். நாயகன் நல்லவனாகத்தான் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எங்கள் வாசிப்பில் தொடக்கத்திலிருந்தே இல்லை. அதனால், கொலையுண்ட எட்வர்ட் பிளேக், ‘காமெடியன்’ என்ற பெயரில் இயங்கிய அந்த முகமூடி நாயகன், எத்தகைய கொடியவன் என்று இரண்டாம் இதழ் விரித்துச் சொன்னபோது நான் அதிர்ந்துவிடவில்லை. ‘இப்படிப்பட்ட ஒருவனைக் கொல்ல யாருக்கு என்ன தேவை’ என்ற கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தொடர் வாசகனிடம் கேட்பதும் அந்தப் பிடிப்பைத்தான் என்று நம்புகிறேன்.

முதல் இதழில், இந்தக் கொலையைத் துப்புத் துலக்கும் முகமூடிக்காரரான ரோர்ஷாக், பிளேக்கின் குடியிருப்புக்குள் நள்ளிரவில் உடைந்த சன்னல் வழியாக ஏறி நுழையும் பகுதியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. அங்கே பேச்சு எதுவும் இல்லை. துணி அலமாரியைத் திறக்கிறார். உள்ளே மாட்டியிருக்கும் உடைகளுக்குப் பின்னால் கைவிட்டுப் பார்க்கிறார். கம்பியாலான கோட் ஹேங்கர் ஒன்றை எடுத்து நிமிர்த்தி, அலமாரியின் உட்புற ஆழத்தை அந்தக் கம்பியால் அளக்கிறார். அதே கம்பியை வெளிப்புறத்தில் வைத்துப் பார்க்கும்போது இரண்டும் ஒத்துப்போகவில்லை. எனவே உள்ளே ஒரு பொய்ச்சுவர் இருக்கிறது. அதற்குப் பின்னால் காமெடியனின் உடையும் ஆயுதங்களும் இருக்கின்றன. காவல்துறைத் துப்பறிவாளர்கள் இருவர் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போன அதே அறை அது. வெளியளவும் உள்ளளவும் பொருந்தாத இடத்தில் ஏதோ மறைந்திருக்கிறது என்று அந்தக் காட்சி நமக்குக் கற்றுத் தருகிறது. மீதமுள்ள இதழ்களை அதே கம்பியை வைத்துக்கொண்டு அளந்து பார்க்கும்படி ஆசிரியர் நம்மிடம் விட்டுவிடுகிறார்.

அப்படி அளந்தால் எல்லாத் தடயங்களும் கண்முன்னேயே கிடக்கின்றன. முன்னாள் குற்றவாளி மோலாக்கின் படுக்கையருகே பிளேக் குடிபோதையில் அழுதபோது உளறிய தீவு, அங்கிருந்த எழுத்தாளர்கள், ஓவியர்கள், ஒரு பெயர்ப்பட்டியல் ஆகியவை இரண்டாம் இதழிலேயே சொல்லப்பட்டுவிடுகின்றன. அந்தப் பட்டியலில் இருந்த மோலாக்குக்கும், அளவற்ற ஆற்றல் பெற்ற டாக்டர் மன்ஹாட்டனின் முன்னாள் காதலி ஜேனி ஸ்லேட்டருக்கும் புற்றுநோய் இருக்கிறது. காணாமற்போன எழுத்தாளர் ஒருவரைப் பற்றிய செய்தி நாளிதழ்களில் தென்படுகிறது. தெருக்காட்சிகளில் பிரமிட் டெலிவரிஸ் நிறுவனத்தின் அடையாளம் கடந்துபோகிறது. ஐந்தாம் இதழில், முன்னாள் முகமூடி நாயகனும் தொழிலதிபருமான ஏட்ரியன் வைட்டைச் சுட வந்தவன் வாயில் நச்சுக்குப்பி இருப்பதாக வைட் கத்துகிறார். அதை அங்கே திணித்தவரும் பிளேக்கைக் கொன்றவரும் அவர்தான் என்பதைப் பதினொன்றாம் இதழில் அவரே சொல்லும்போது, பின்னோக்கிச் சென்று அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் படம் இரண்டு பொருளுக்கும் இடம் கொடுத்து நிற்கிறது. இதைவிட நேர்மையாக ஒரு கொலைமர்மம் வாசகனிடம் நடந்துகொள்ள முடியாது.

ஈரோட்டிலிருந்து:

கோபி ஐயாவுக்கு வணக்கம். நான் குற்றவியல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன். ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவில் வாங்கிய ஆங்கிலத் தொகுப்பில்தான் இதை வாசித்தேன். தடயங்கள் கண்முன்னே இருக்கின்றன என்ற தங்கள் கருத்தை ஏற்கிறேன். ஆனால் துப்பறிதல் என்ற வகையில் இந்நூல் முழுமையானது என்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

ரோர்ஷாக்கின் புலனாய்வை ஒரு வழக்கின் கட்டாக எண்ணிப் பாருங்கள். முகமூடி அணிந்தவர்களை ஒருவன் வரிசையாகக் கொல்கிறான் என்பதே அவருடைய கருதுகோள், அது தவறு. மதுக்கூடத்துக்குச் சென்று ஒருவனுடைய விரல்களை ஒடித்துக் கேட்கிறார். எந்தத் தகவலும் கிடைக்கவில்லை. மோலாக்கின் வீட்டில் அவரே சிக்கவைக்கப்பட்டுச் சிறைக்குப் போகிறார். உண்மை வெளிப்படுவது பத்தாம் இதழில், ரோர்ஷாக்கின் பழைய கூட்டாளியான டேன் டிரைபெர்க், வைட்டின் அலுவலகக் கணினியின் கடவுச்சொல்லை ஊகித்துத் திறப்பதால். அதற்குப் பின் எஞ்சியவற்றைக் குற்றவாளியே விரிவாக எடுத்துச் சொல்கிறார். நீதிமன்றத்துக்கு வெளியே அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை நம்பி ஒரு வழக்கை நடத்துவது எவ்வளவு பலவீனமானது என்பதை இத்தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். மேலும், நான்காம் இதழ் முழுவதும் டாக்டர் மன்ஹாட்டன் செவ்வாயில் அமர்ந்து தன் வாழ்க்கையை நினைத்துக்கொண்டிருக்கும்போதும், ஆறாம் இதழில் சிறை மனநல மருத்துவர் ரோர்ஷாக்கோடு பேசும்போதும், பிளேக் கொலை எங்கே போயிற்று என்று நான் தேட வேண்டியிருந்தது. அந்த இரண்டு இதழ்களும் அருமையானவை; அது வேறு விஷயம்.

என்னை உண்மையில் பிடித்து நிறுத்தியது கொலையின் நோக்கம். போரைத் தடுப்பதற்காக, வேற்றுலகத் தாக்குதல் நடந்துவிட்டதாக உலகத்தையே ஏமாற்றும் வைட்டின் மாபெரும் திட்டம், ஒரு தீவு, கடத்திச் செல்லப்பட்ட கலைஞர்கள், நியூயார்க் நகரின் பாதி மக்கள் என்று எல்லாமே பெரிதாக இருக்கும் கதையில், பிளேக் கொல்லப்பட்டதற்கான காரணம் மட்டும் மிகச் சாதாரணமானது. அவர் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டார். அதைத் தாங்க முடியாமல் இன்னொருவரிடம் போய் அழுதார். அவர் வாய் திறக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் கொல்லப்பட்டார். சாட்சியை ஒழித்துக்கட்டுவது எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் நடப்பது. தன்னை உலகின் மிக அறிவாளியான மனிதன் என்று எல்லோரும் சொல்லக் கேட்டு வாழும் வைட், நிலத்தகராறில் பங்காளியை வெட்டியவன் செய்யும் அடுத்த வேலையைத்தான் செய்கிறார். இந்த ஒரு செய்தியை மூர் எந்த விளக்கமும் இல்லாமல் விட்டுவைத்திருப்பது எனக்கு மிகுந்த மதிப்பை உண்டாக்குகிறது.

காங்கேயத்திலிருந்து:

நான் இதை முழுமையாக முடித்தவன் என்றாலும், விரும்பி முடித்தேன் என்று சொல்ல மாட்டேன். கடைசி இதழைத் தவிர ஒவ்வோர் இதழின் இறுதியிலும் வரும் தன்வரலாற்றுப் பகுதிகள், மருத்துவக் குறிப்புகள், பத்திரிகைக் கட்டுரைகள் ஆகியவை வாசிப்பின் ஓட்டத்தை நிறுத்திவிடுகின்றன. பத்து இதழ்கள் வரை மண்ணில் கால் பதித்து நடந்த ஒரு கொலைக்கதை, பூதாகாரமான ஒரு செயற்கை உயிரினத்தை நகரின் நடுவே கொண்டுவந்து போடுவதில் முடிவதை என்னால் இன்றளவும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கொலைமர்மத்தின் விடை, அந்தக் கதையின் உலகத்துக்கு உள்ளேயே விளைந்ததாக இருக்க வேண்டும்.

திருப்பூரிலிருந்து:

கோபி ஐயாவுக்கும் ஈரோட்டு அண்ணனுக்கும் காங்கேயம் அண்ணனுக்கும் வணக்கம். நான் பனியன் துணியில் படம் அச்சிடும் பிரிண்டிங் பட்டறையில் வேலை செய்கிறேன். ஒரு படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஸ்கிரீன் போட்டு, ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் விழச் செய்வதே என் அன்றாட வேலை. அதனால் இந்த நூலில் நான் முதலில் வாசித்தது நிறங்களைத்தான். பழைய நாயகக் கதைகளில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் பளிச்சென்று நிற்கும். ஹிக்கின்ஸ் இங்கே ஊதாவையும் பச்சையையும் ஆரஞ்சையும் பரப்பிவைத்திருக்கிறார். நாயகர்களின் உலகம் கெட்டுப்போயிருக்கிறது என்பது கதை சொல்வதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஐந்தாம் இதழின் தொடக்கத்தில் ரோர்ஷாக், மோலாக்கின் வீட்டுக்கு மீண்டும் வருகிறார். வெளியே ஒரு மதுக்கடையின் நியான் விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. ஒரு கட்டம் செம்மஞ்சள் வெளிச்சத்தில் இருக்கிறது; அடுத்த கட்டம் இருட்டு நீலத்தில் இருக்கிறது; அதற்கடுத்தது மீண்டும் செம்மஞ்சள். ஒன்பது கட்டங்களாக அடுக்கிய பக்கம் விளக்கின் தாளத்துக்கு இமைக்கிறது. அதே இதழின் முடிவில் அதே வீடு, அதே விளக்கு. ஆனால் மோலாக் நாற்காலியில் பிணமாக இருக்கிறார், வெளியே காவல்துறை காத்திருக்கிறது. இந்த இதழின் பக்க அமைப்பு, முதல் பக்கத்துக்குக் கடைசிப் பக்கமும் இரண்டாம் பக்கத்துக்குக் கடைசிக்கு முந்தைய பக்கமும் என்று கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒத்துப்போகிறது. கண்ணாடியின் மடிப்பு விழும் நடுப்பக்கங்களில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். தன்னைச் சுட வந்தவனை அடித்து வீழ்த்தும் வைட் இருக்கிறார். கொலைகாரனை இதழின் நட்டநடுவில், இரண்டு பக்கங்களுக்கும் குறுக்கே பெரிதாக வரைந்து காட்டிவிட்டு, அவரை நாம் பாதிக்கப்பட்டவராக எண்ணிப் பரிதாபப்படும்படி செய்திருக்கிறார்கள். துப்பு, சொல்லில் மட்டுமல்லாமல் பக்கத்தின் அமைப்பிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. காங்கேயம் அண்ணன் கேட்ட ‘உள்ளேயே விளைந்த விடை’ இதுதான் என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். தொடரின் முதல் பக்கத்தில், தெருவில் கிடக்கும் பிளேக்கின் இரத்தத்தை மிதித்துக்கொண்டு உலகின் முடிவு நெருங்கிவிட்டது என்னும் பலகையைச் சுமந்து ஒரு செந்தலை மனிதர் நடந்துபோகிறார். அவர் முகத்தை இதழ்தோறும் பார்க்கிறோம். முகமூடி கழற்றப்பட்ட ரோர்ஷாக் அவர்தான் என்று ஐந்தாம் இதழின் கடைசியில் தெரிகிறது. துப்பறிபவரையும் கொலைகாரரையும் ஆசிரியர்கள் எங்கும் ஒளித்துவைக்கவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து:

இதுவரை எழுதிய எல்லோரும் ஒரு கொலையைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறீர்கள். எனக்கு இந்நூலில் துப்புத் துலக்கப்பட வேண்டிய குற்றங்கள் இரண்டாகத் தோன்றின. அந்த இரண்டையும் சேர்த்து வாசிக்காவிட்டால் முடிவு புரியாது என்றும் கருதுகிறேன்.

1940ஆம் ஆண்டு, முதல் தலைமுறை நாயகர்கள் குழுப் புகைப்படம் எடுத்து முடித்த பிறகு, பிளேக் தன் சக நாயகி சாலி ஜூபிடரை வன்புணர்வு செய்ய முயல்கிறார். இன்னொருவர் உள்ளே வந்துவிட்டதால் அது தடுக்கப்படுகிறது. வழக்குத் தொடுக்கப்படவில்லை. குழுவின் நற்பெயரைக் காக்க வேண்டும் என்று சாலி சமாதானப்படுத்தப்படுகிறார். பிளேக் குழுவிலிருந்து அமைதியாக நீக்கப்படுகிறார். பின்னர் அவர் அரசாங்கத்தின் ஆளாகிப் பதக்கங்களும் பெறுகிறார். ஒரு பெரிய நன்மையின் பெயரால் ஒரு குற்றத்தை மறைப்பது அங்கேயே தொடங்கிவிடுகிறது. 1985இல் அண்டார்க்டிகா என்னும் பனிக்கண்டத்தில் நின்றுகொண்டு வைட் கேட்பதும் அதே காரியத்தைத்தான். அளவு மட்டும்தான் பெரிது. உலக அமைதிக்காக வாயை மூடிக்கொள்ளுங்கள் என்கிறார். சாலியின் மகள் லாரி அங்கே நிற்கிறாள். தாயிடம் ஒருமுறை கேட்கப்பட்ட மௌனம் மகளிடம் மறுபடியும் கேட்கப்படுகிறது. இதை நான் கண்டுகொண்டபோது நூலை மூடிவிட்டு வெகுநேரம் அடுத்த பக்கத்துக்குப் போக மனம் வரவில்லை.

கோபி ஐயாவின் ஸ்பைடர் ஒப்பீட்டை நான் ஏற்கவில்லை. ஸ்பைடரின் குற்றங்கள் நகைக்கடையையும் வங்கியையும் சேர்ந்தவை. அவற்றால் அழிந்த ஒரு முகத்தை நாம் பார்த்ததில்லை. பிளேக்கின் குற்றங்களுக்கு முகங்கள் இருக்கின்றன. வியட்நாமில் தன் குழந்தையைச் சுமக்கும் பெண்ணை அவர் சுடும்போது டாக்டர் மன்ஹாட்டன் பக்கத்தில் நிற்கிறார். துப்பாக்கியை நீராவியாக மாற்றும் ஆற்றல் உள்ளவர், ஒன்றும் செய்யவில்லை. அதைப் பிளேக்கே அவரிடம் சுட்டிக்காட்டுகிறார். சர்வ வல்லமையும் உள்ளவர் சாட்சியாக மட்டும் நின்ற அந்தப் பக்கத்தைக் கொலையை விடவும் கொடியதாக நான் வாசித்தேன்.

கடைசி இதழில் முதுமையடைந்த சாலி, பழைய குழுப் புகைப்படத்தை எடுத்து, பிளேக்கின் முகத்தில் முத்தமிடுகிறார். எங்கள் கல்லூரியில் இந்நூலை என்னிடமிருந்து வாங்கி வாசித்த மாணவியர், அந்த ஒரு கட்டத்துக்காகவே இந்நூலின்மேல் கோபம் கொண்டார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனாலும் சாலியின் மனத்தை ஆசிரியர் நமக்குப் பிடித்தமான வகையில் சீர்செய்து தராமல், அவள் வாழ்ந்த வாழ்க்கையின் சிக்கலோடு அப்படியே விட்டிருக்கிறார் என்று எண்ணுகிறேன். லாரியின் தந்தை யார் என்பதை ஒன்பதாம் இதழில் லாரியே தன் சிதறிய நினைவுகளிலிருந்து கோத்து எடுக்கிறாள். இந்நூலில் பிழையில்லாமல் முடிக்கப்பட்ட ஒரே துப்பறிதல் அதுதான். அதைச் செய்தவள் ஒரு பெண். இதை ஈரோட்டு அண்ணனும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பவானியிலிருந்து:

நான் வயதில் மூத்தவன். ஜமக்காள நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். பேரனின் வற்புறுத்தலால் அவன் பக்கத்தில் அமர்ந்து இந்நூலை வாசித்தேன். ஆங்கிலம் தடைப்பட்ட இடங்களில் அவன் எடுத்துச் சொன்னான். கொலைகாரன் யார் என்பதை அவன் முதல் நாளிலேயே என்னிடம் சொல்லிவிட்டான். அதனால் என் வாசிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எங்கள் பகுதியில் உடுக்கையடித்து அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் பாடுவார்கள். பொன்னரும் சங்கரும் படுகளத்தில் மடியப்போகிறார்கள் என்பது அங்கே அமர்ந்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். தெரிந்திருந்தும் கூட்டம் கலையாது. அந்த இரவு வரும்போதுதான் அதிகம் கூடும். எப்படி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள், யார் எந்தச் சொல்லால் அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்பதைக் கேட்கத்தான் கூடுகிறோம். ‘வாட்ச்மென்’ வாசித்தபோது எனக்கு அந்த இரவுகள்தான் நினைவுக்கு வந்தன. கொலைகாரனின் பெயரை அறிவதில் இருக்கும் சுவை ஒருமுறையோடு தீர்ந்துவிடும். அதையே இந்நூலின் உயிராகச் சொல்வது, கோபி ஐயா, நூலுக்குக் குறைவு செய்வதாகும்.

பன்னிரண்டாம் இதழ் திறக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். பதினோர் இதழ்களாகக் கட்டம் கட்டமாக அளந்து அடுக்கப்பட்டிருந்த பக்கங்கள் அங்கே நின்றுவிடுகின்றன. தொடர்ந்து ஆறு பக்கங்கள், ஒவ்வொரு பக்கமும் ஒரே படம், எல்லாவற்றிலும் பிணங்கள். பேச்சு இல்லை. அந்தப் பிணங்களுக்கு நடுவே செய்தித்தாள் கடைக்காரரும் அவர் கடையோரம் அமர்ந்து காசு கொடுக்காமல் கடற்கொள்ளையர் காமிக்ஸ் படித்துக்கொண்டிருந்த சிறுவனும் இருக்கிறார்கள். தொடர் முழுவதும் அவரது புலம்பலையும் அந்தப் பையனின் அலட்சியத்தையும் பார்த்து வந்திருக்கிறோம். இருவர் பெயரும் ஒன்றே என்பதை அழிவுக்குச் சற்று முன்னர்தான் அறிந்துகொள்கிறார்கள். வெளிச்சம் வெடிக்கும் கணத்தில் கிழவர் பையனை அணைத்துக்கொள்கிறார். முகமூடி போட்டவர்கள் யார் செத்தாலும் எனக்கு அவ்வளவு துயரம் உண்டாகவில்லை. அந்த இருவருக்காக நான் அழுதேன். வைட்டின் கணக்கில் அவர்கள் ஓர் எண். வாசகனின் கணக்கில் அவர்கள் பெயரும் ஊரும் உள்ளவர்கள். எங்கள் ஊரில் படுகளம் விழுந்தவர்களை நீர் தெளித்து எழுப்புவார்கள். இங்கே எழுப்ப யாரும் இல்லை.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து மீண்டும்:

பவானி ஐயா அவர்களுக்குப் பணிவான மறுமொழி. முடிவு தெரிந்தும் வாசிக்கலாம் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கொலைமர்மம் இந்நூலின் மேற்பூச்சு அன்று, விதை. மூர் இத்தொடரை முதலில் திட்டமிட்டபோது, டி.சி. விலைக்கு வாங்கியிருந்த சார்ல்டன் நிறுவனத்தின் பழைய பாத்திரங்களைக் கொண்டே எழுத எண்ணினார். அந்தத் திட்டத்துக்கு அவர் இட்ட தலைப்பே ‘பீஸ்மேக்கரைக் கொன்றது யார்?’ என்பதாகும். அந்தப் பாத்திரங்களைக் கொன்றும் கெடுத்தும் விட்டால் பிறகு பயன்படுத்த இயலாது என்று பதிப்பாசிரியர் டிக் ஜியோர்டானோ கருதியதால், புதிய பாத்திரங்கள் உருவாக்கப்பட்டன. பீஸ்மேக்கர் காமெடியன் ஆனார். மற்றவை எல்லாம் அந்த ஒரு கேள்வியைச் சுற்றி வளர்ந்தவை. செய்தித்தாள் கடைக்காரருக்காகத் தாங்கள் அழ முடிந்ததற்கும் காரணம், கொலையாளியைத் தேடிப் போகும் சாக்கில் ஆசிரியர் நம்மை அந்தத் தெருமுனைக்கு மீண்டும் மீண்டும் அழைத்துச் சென்றதுதான்.

பொள்ளாச்சி சகோதரியின் கடிதம் என் வாசிப்புக்குப் புதிய பக்கம் ஒன்றைச் சேர்த்திருக்கிறது. 1940க்கும் 1985க்கும் இடையே அவர் காட்டிய தொடர்பு, என் கருத்துக்கு வலுச்சேர்ப்பதாகவே எடுத்துக்கொள்கிறேன். மறைக்கப்பட்ட குற்றம்தான் துப்பறியும் கதையின் பொருள்.

ஈரோட்டுத் தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும். ரோர்ஷாக் புறப்படுவதற்கு முன் தன் நாட்குறிப்பை ஒரு வலதுசாரிப் பத்திரிகைக்கு அஞ்சலில் அனுப்பிவிடுகிறார். கடைசிக் கட்டத்தில் அந்த அலுவலகத்தின் உதவியாளன் அது கிடக்கும் தாள்குவியலை நோக்கிக் கை நீட்டுகிறான். தொடர் அங்கே முடிகிறது. அந்தக் குறிப்பில் நியூயார்க் அழிவைப் பற்றி ஒன்றும் இருக்க முடியாது, ஏனெனில் அது எழுதப்பட்டபோது அழிவு நிகழவில்லை. எல்லாவற்றுக்கும் பின்னால் வைட் இருக்கிறார் என்பதும், அவரைத் தேடி அண்டார்க்டிகாவுக்குப் போகிறோம், அங்கே அவர் எங்களைக் கொல்லக்கூடும் என்பதும் மட்டுமே இருக்கின்றன. அந்த உதவியாளன் அதை எடுத்து வெளியிட்டால், பிளேக் கொலை வழக்கு நிற்குமா?

ஈரோட்டிலிருந்து மீண்டும்:

நம் நாட்டுச் சட்டத்தை அளவுகோலாகக் கொண்டே சொல்ல முடியும், ஐயா. இறந்தவர் ஒருவர் தன் மரணத்துக்குக் காரணமான சூழ்நிலையைப் பற்றிச் சொல்லிவைத்தது சாட்சியமாக ஏற்கப்படும். சாவின் விளிம்பில் சொன்னதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1939இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த பாகால நாராயணசுவாமி வழக்கில், இன்னார் வீட்டுக்குப் பணம் வாங்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் சென்றவரின் உடல், ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் கண்டெடுக்கப்பட்டது. அவர் புறப்படும் முன் சொன்ன சொல் சாட்சியமாக ஏற்கப்பட்டது. ரோர்ஷாக்கின் கடைசிக் குறிப்பு ஏறத்தாழ அதே வகையைச் சேர்ந்தது. ஆனால் அது அவருடைய சொந்த மரணத்துக்கு மட்டுமே பயன்படும்; அவரைக் கொன்றவரோ வைட் அல்லர், டாக்டர் மன்ஹாட்டன். பிளேக்கின் கொலையைப் பொறுத்தவரை அந்தக் குறிப்பு வெறும் சந்தேகம். முதல் தகவல் அறிக்கை பதிய அது போதும், தண்டிக்கப் போதாது.

தண்டனைக்கு வைட் வாயால் சொன்னதைக் கேட்டவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். கேட்டவர்களில் ரோர்ஷாக் இறந்துவிட்டார். மன்ஹாட்டன் இந்த உலகத்தையே விட்டுப் போய்விட்டார். எஞ்சியவர்கள் டேனும் லாரியும். அவர்கள் பெயரையும் தோற்றத்தையும் மாற்றிக்கொண்டு, சாலியைப் பார்க்க வரும்போது வேறொரு கணவன் மனைவியாக வருகிறார்கள். குற்றவாளியைக் காப்பாற்றச் சாட்சியத்தை மறையச் செய்வதும் பொய்த் தகவல் தருவதும் நம் சட்டத்தில் தனிக் குற்றம்; 2024 வரை அது இந்திய தண்டனைச் சட்டத்தின் 201ஆம் பிரிவில் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 238ஆம் பிரிவில் இருக்கிறது. அவர்கள் கூண்டில் ஏறினால் சாட்சியாக மட்டும் ஏற மாட்டார்கள். என் வாசிப்பில் டேன் வைட்டைக் காப்பாற்றவே பேசுவார். லாரி பேசிவிடுவாள் என்று நினைக்கிறேன். பொள்ளாச்சி அக்கா எழுதியதைப் படித்த பிறகு அதில் எனக்கு உறுதி கூடியிருக்கிறது.